சியன்னா 3,500 பவுண்ட் இழுக்குமாம். அப்போ எந்த ஹிட்ச்?

ஏப்ரல் 27, இரவு

கனடாவின் பிரம்டனிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி, எழுதியபடியே: "2021 டொயோட்டா சியன்னா வான் வைத்திருக்கிறேன். 3,500 பவுண்ட் இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. 16 அடி காம்பிங் ட்ரெய்லர் ஒன்று பார்த்திருக்கிறேன், 2,650 பவுண்ட்தான். கிளாஸ் 3 ஹிட்ச் போட்டால் 5,000 வரை தாங்குமாம். எடை பங்கிடும் ஹிட்சும் சேர்த்துப் போட்டால் இன்னும் பெரிய ட்ரெய்லரே எடுக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். எதை வாங்கலாம்?"

கடைக்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. ஹிட்ச் என்பது ட்ரெய்லரை வானோடு பூட்டும் கொளுவிதான், அது வாகனத்தின் பலத்தைக் கூட்டாது. வான் 3,500 என்றால் 3,500தான். பின்னால் 10,000 பவுண்ட் ரிசீவரை, அதாவது வானின் அடியில் பூட்டும் சதுரத் துளைச் சட்டத்தை, பூட்டினாலும் அதே 3,500. வான், ரிசீவர், அதற்குள் செருகும் இரும்பு, அதன் மேல் நிற்கும் பந்து, பந்தைக் கவ்வும் ட்ரெய்லரின் கப்ளர் என்று ஐந்து சாமான் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. எது சின்னதோ அதுதான் உங்கள் எண்.

கிளாஸ் கதை சுருக்கமாக: கிளாஸ் 1 என்றால் இழுவை 2,000 பவுண்ட், பந்தின் மேல் அழுத்தும் பாரம் 200. கிளாஸ் 2 என்றால் 3,500, பந்தின் மேல் 350. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலச் சதுரத் துளை. கிளாஸ் 3-இல் துளை 2 அங்குலம். செய்தவரையும் வாகனத்தையும் பொறுத்து எண் மாறும், 8,000 வரை போகும். நானாக இருந்தால் கிளாஸ் 3 போடுவேன். கூடுதல் எடை இழுப்பதற்காக இல்லை. 2 அங்குலத் துளைக்குச் சாமான் எங்கும் கிடைக்கும், பிறகு சைக்கிள் தாங்கியும் செருகலாம். ஒன்றேகாலை இரண்டாக்கும் அடாப்டர் மட்டும் வேண்டாம். அது பந்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும், தாங்கும் எடையும் குறையும்.

ஏப்ரல் 28, காலை

படுத்த பிறகுதான் அந்த 2,650 உறைத்தது. அது தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வரும்போதுள்ள எடை. தண்ணீர் இல்லை, சாமான் இல்லை. சில நிறுவனங்கள் பற்றரியையும் குளிரூட்டியையும் மேற்கூரைத் துணியையும்கூட அதில் சேர்ப்பதில்லை. 20 பவுண்ட் புரொப்பேன் சிலிண்டர் நிரம்பினால் ஏறக்குறைய 37 பவுண்ட். தொட்டியில் 100 லீட்டர் தண்ணீர் என்றால் 220 பவுண்ட். அப்புறம் நம் ஆட்கள் காம்பிங் போனால் வீட்டுக் குசினியே கூட வரும். அரிசிப் பை, பெரிய பானை, இரட்டை அடுப்பு, மடக்குக் கதிரைகள், ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு ஒரு சாய்மனை.

ஆகவே 3,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி அனுப்பிய படத்தில் ட்ரெய்லரின் உச்ச எடை 3,500 என்று இருக்கிறது. கணக்கை அதிலிருந்தோ அதற்குக் கொஞ்சம் கீழிருந்தோ தொடங்க வேண்டும். விளம்பரத்து எண்ணிலிருந்து இல்லை.

இனி டங் வெயிட். ட்ரெய்லரின் முன்மூக்கு பந்தின் மேல் இறக்கும் பாரம் அது. வட அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். 3,200-க்கு அது 320 முதல் 480. சியன்னாவின் பக்கம் உச்சம் 350. ஆக உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி 30 பவுண்ட். குளிர்பெட்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினாலே போய்விடும்.

ஏப்ரல் 28, பின்னேரம்

"அப்படியானால் பாரத்தைப் பின்னால் வைத்து 5 சதவீதமாக்கினால் வானுக்கு நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்கிறார்.

இல்லை. ட்ரெய்லர் வாலாட்டுவதற்கு அதுதான் முதல் காரணம். பாரம் அச்சுக்குப் பின்னே போனால் ஒரு சின்ன உதறல்கூடத் தானாக அடங்காமல் வளரும். குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும்.

என் மைத்துனர் 400 நெடுஞ்சாலையில் பாரி தாண்டி வடக்கே போகும்போது நான் பின்னால் வேறு வாகனத்தில் வந்தேன். ட்ரெய்லரின் பின்பம்பரில் நான்கு சைக்கிள். உள்ளே, பின்கட்டிலுக்குக் கீழே, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள். ஒரு பெரிய லொறி முந்தியது. முதலில் காற்று ட்ரெய்லரை வெளியே தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. பின்னாலிருந்து பார்க்க ட்ரெய்லரின் பின்சுவர் இடமும் வலமும் வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு வந்தது. அவர் நல்ல காலம் பிரேக்கை மிதிக்கவில்லை, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். 80-க்கு வந்ததும் அடங்கியது. அடுத்த சேர்விஸ் நிலையத்தில் சைக்கிள்களை வானுக்குள் படுக்கப்போட்டு, தண்ணீரை முன்னே கொண்டுவந்தோம். கில்பேர் போகும்வரை பிறகு ஒரு ஆட்டமும் இல்லை. ஹிட்ச் அதே ஹிட்ச்தான்.

ஆட்டம் வந்தால்: வானின் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கால் எதிர்த்து வெட்டாதீர்கள், வேகம் கூட்டி நிமிர்த்தவும் பார்க்காதீர்கள். காலை எடுங்கள். ட்ரெய்லரில் மின்பிரேக் இருந்தால், வானுக்குள் ஓட்டுநர் பக்கத்தில் உள்ள அதன் கொன்ட்ரோலரில் கைநெம்பை அழுத்தி ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அது ட்ரெய்லரைப் பின்னோக்கி இழுத்து நேராக்கும்.

ஏப்ரல் 30

தம்பி ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பயணிகளும் சாமானும் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது என்று ஒரு எண் அங்கே இருக்கும். அவருடைய வானில் 1,200 பவுண்ட். ஒரே மொடலில்கூட இது வாகனத்துக்கு வாகனம் மாறும். பக்கத்து வீட்டு சியன்னாவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அவர் 170, மனைவி 150, அம்மா 140, பிள்ளைகள் 70, 60. கூட்டினால் 590. பின்னால் சாமான் 250 என்கிறார். ரிசீவர், இரும்பு, பந்து எல்லாம் ஏறக்குறைய 45. டங் வெயிட் 350. ஆம், அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். மொத்தம் 1,235.

ட்ரெய்லர் 3,500-ஐ இன்னும் தொடவில்லை, ஆனால் கதவில் உள்ள எண்ணைத் தாண்டியாகிவிட்டது. குடும்ப வானில் பெரும்பாலும் முதலில் முட்டுவது இந்த எண்தான். இழுவை எண் பெரிய எழுத்தில் விளம்பரத்தில் வரும், கதவு எண் வராது.

மே 2

எடை பங்கிடும் ஹிட்ச் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சரி, அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஊர்க் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாலில் ஆள் ஏறி மிதித்தால் கொடி பக்கம் மேலெழும். வானின் பின்அச்சுதான் ஆடுகால், பந்து வாலில் இருக்கிறது. சியன்னாவின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 10 அடி, பின்சில்லிலிருந்து பந்து இன்னும் 4 அடி என்று வைப்போம். பந்தில் 350 இறங்கினால் பின்அச்சில் 350 மட்டும் ஏறாது, 490 ஏறும். மிச்ச 140 முன்அச்சிலிருந்து கழன்று வருகிறது. முன்சில்லு இழுக்கும் வான் என்றால் ஈரச் சரளையில் ஏறும்போது சில்லு சுற்றும். ஸ்டியரிங் லேசாகும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

எடை பங்கிடும் ஹிட்சில் இரண்டு வில்கம்பிகள் இருக்கும். அவற்றைச் சங்கிலியாலோ தாங்கியாலோ ட்ரெய்லர் சட்டத்தோடு இறுக்கினால், கழன்ற பாரத்தில் ஒரு பகுதி முன்அச்சுக்குத் திரும்பும், இன்னொரு பகுதி ட்ரெய்லரின் அச்சுக்குப் போகும். நல்ல சாமான்தான். ஆனால் பாரத்தைப் பங்கிடும், குறைக்காது. ட்ரெய்லரின் மொத்த எடை அப்படியே இருக்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு இடத்தில் பாருங்கள். ஒன்று, வாகனத்தின் கையேடு. அடியில் தனி இரும்புச் சட்டம் இல்லாத கார், வான் செய்கிற சில நிறுவனங்கள் இதைப் போட வேண்டாம் என்றே அச்சிட்டிருக்கின்றன, ஏனென்றால் கம்பிகள் முறுக்கும் விசை உடலின் தகட்டில் ஏறும். இரண்டு, ரிசீவரில் ஒட்டியுள்ள லேபல். அதில் சாதாரணமாகச் சுமப்பதற்கு ஒரு வரி, எடை பங்கிடுவதற்கு ஒரு வரி இருக்கும். இரண்டாவது வரி இல்லையென்றால் பேச்சு முடிந்தது. தம்பி பார்த்து வைத்த ரிசீவரில் அந்த வரி இல்லை.

மே 2, இரவு

இல்லை, "பிள்ளைகளை ட்ரெய்லருக்குள் இருத்தினால் வானின் பாரம் குறையுமே" என்பது தீர்வு இல்லை. ஒன்ராறியோவில் ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பது சட்டப்படி குற்றம். மாமியாரை இருத்தலாமா என்று கேட்டவருக்கும் அதே பதில்.

மே 5

ஜேர்மனியிலிருந்து ஒரு அக்கா: "நீங்கள் 10 முதல் 15 சதவீதம் என்கிறீர்கள். இங்கே எங்கள் காரின் பந்தில் 75 கிலோதான் எழுதியிருக்கிறது, 1,300 கிலோ கரவன் இழுக்கிறோம். ஒன்றும் ஆகவில்லையே?"

75 கிலோ 1,300-இல் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஐரோப்பாவில் அது வழக்கமான அளவுதான். 4 முதல் 7 சதவீதம் என்று அங்கே சொல்வார்கள். ஆனால் வேகத்தைப் பாருங்கள். ஜேர்மனியில் ட்ரெய்லருடன் பொது எல்லை 80. தனி அனுமதி வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினால் ஔட்டோபானில் 100. அங்கே கரவன்களில் அச்சை நடுவுக்குக் கிட்ட வைத்து, எடையை அச்சைச் சுற்றியே அடுக்குகிறார்கள். இங்கே அச்சு இன்னும் பின்னுக்கு, மூக்கு கனமாக. ஒரே மொடல் கார் அங்கே அதிகமாகவும் இங்கே குறைவாகவும் இழுக்க அனுமதி பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்குள்ள எண்ணை எடுத்து இங்குள்ள ட்ரெய்லரில் ஒட்டக் கூடாது.

அக்கா இன்னொன்றும் சொன்னார், எனக்குப் பிடித்தது: அவருடைய அல்கோ கப்ளர் உராய்வுத் தட்டுகளால் பந்தையே இறுகப் பிடித்து ஆட்டத்தை அடக்குகிறது. அதனால் பந்தில் கிறீஸோ பெயின்ற்றோ இருக்கவே கூடாது. நாங்கள் இங்கே சாதாரணக் கப்ளருக்குள் கிறீஸைப் பூசிவிட்டுத்தான் பூட்டுகிறோம்.

மே 9

டங் வெயிட்டை வீட்டிலேயே நிறுக்கலாம். குளியலறைத் தராசு 300 பவுண்டோடு நின்றுவிடுமே என்று பயப்பட வேண்டாம். நாலடி நீளத்தில் ஒரு பலமான மரச்சட்டம் எடுங்கள். ஒரு முனைக்குக் கீழே செங்கல்லும் குழாய்த் துண்டும், மறுமுனைக்குக் கீழே தராசும் குழாய்த் துண்டும். தாங்கும் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 3 அடி. செங்கல் பக்கத்திலிருந்து 1 அடியில் ட்ரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். சட்டத்தின் எடையைத் தராசில் முதலே கழித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும், உள்ளே பயணத்துக்கு ஏற்றும் எல்லாமே ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது இரும்பின் இறக்கம். கடையில் கண்ணில் பட்ட முதல் இரும்பைத் தூக்கிவராதீர்கள். ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி நிலத்திலிருந்து கப்ளர் வரை அளவெடுங்கள். வானில் நிலத்திலிருந்து ரிசீவர் துளையின் மேல்விளிம்பு வரை அளவெடுங்கள். வித்தியாசம்தான் தேவையான இறக்கம் அல்லது ஏற்றம். சியன்னா பாரத்தில் தாழும் என்பதையும் நினைவில் வைத்து, ட்ரெய்லரின் மூக்கு மட்டமாகவோ மயிரிழை தாழ்ந்தோ இருக்கும்படி எடுங்கள். மூக்கு வானத்தைப் பார்த்தால் ஆட்டம் கூடும்.

பந்து: 1⅞, 2, 2 5/16 அங்குலம் என்று வழக்கமாக மூன்று அளவு. கப்ளரில் அடித்திருக்கும், அதையே வாங்குங்கள். 2 அங்குலக் கப்ளருக்குள் 1⅞ பந்து போகும், பூட்டின மாதிரியும் இருக்கும், பிறகு ஒரு குழியில் துள்ளி வெளியே வரும். என்னிடம் இருப்பது பழைய 13 அடி பைபர் முட்டை, அதாவது முட்டை வடிவ பைபர்கிளாஸ் ட்ரெய்லர். வின்னிபெக்கில் 1968-இல் தொடங்கிய போலர் வகை. இந்தப் பழசுகளில் யார் எப்போது கப்ளரை மாற்றினார்கள் என்று தெரியாது, அதனால் வாங்கிய அன்றே சுரண்டிப் பார்த்தேன், 2 அங்குலம். பூட்டியதும் ட்ரெய்லரின் ஜாக்கைச் சுற்றி வானின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன். கப்ளர் பந்தை விடாமல் வானையும் சேர்த்துத் தூக்கினால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

மே 10

லொறி ஓட்டும் ஒரு அண்ணை திருத்துகிறார்: "ஐந்து சாமான் என்றாய். இரும்பை ரிசீவரில் பூட்டும் ஊசி (பின்), சங்கிலி, டயர் எங்கே?" சரி, எட்டு. கிளாஸ் 1, 2-க்கு அரை அங்குல ஊசி, கிளாஸ் 3-க்கு ஐந்தெட்டு அங்குலம். சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். மூக்கு கழன்றால் நிலத்தில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். டயர்: ட்ரெய்லருக்கென்று வரும் எஸ்.டி. டயர்களில் வேறு குறி இல்லையென்றால் மணிக்கு 65 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 105. 401 நெடுஞ்சாலையில் எல்லாரும் 120-இல் போகிறார்கள் என்பது டயருக்குத் தெரியாது.

பிரேக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோ, அதாவது 3,000 பவுண்ட் ஆனால் அதற்குச் சொந்தப் பிரேக் கட்டாயம். மின்பிரேக் என்றால் நான்கு முள் தட்டைப் பிளக் போதாது. ஏழு முள் பிளக்கும் உள்ளே கொன்ட்ரோலரும் வேண்டும். அதற்குக் குறைந்த எடையிலும் பிரேக் உள்ள ட்ரெய்லர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

மே 16

உராய்வுக் கம்பி பற்றி இரண்டாம் யோசனை. ஆட்டத்தை அடக்க ட்ரெய்லரின் சட்டத்துக்கும் ஹிட்சுக்கும் நடுவே பூட்டும் ஒற்றைக் கம்பி அது. விலை குறைவு, சின்ன ட்ரெய்லருக்குப் போதும் என்று நேரில் கேட்ட பலரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். என் முட்டையிலும் ஒரு காலம் இருந்தது. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் கழற்ற வேண்டும், மறந்தால் வளையும். மழையில் பிடி தளரும். அல்கொங்குவின் பூங்காவுக்குள் 60-ஆம் நெடுஞ்சாலையில் இருட்டில், நுளம்புக்கு நடுவே, அதைக் கழற்றி மாட்டியது பத்தாதா? பாரத்தை ஒழுங்காக அடுக்கத் தொடங்கிய பிறகு கம்பியைக் கழற்றி கராஜில் போட்டேன். எடுக்கத் தேவை வரவில்லை. இது 1,500 பவுண்ட் வட்ட முட்டையின் அனுபவம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உயரமான பெட்டிச் சுவருள்ள 16 அடியில், ஏரிக்கரைக் காற்றில், நான் கம்பியைப் போட்டுக்கொண்டுதான் போவேன். அதற்கும் மேலே, 4,000-ஐத் தாண்டி நல்ல இரும்புச் சட்டமுள்ள வாகனத்தில் இழுப்பவர்கள் ஆட்டக் கட்டுப்பாடு சேர்ந்தே வரும் எடை பங்கிடும் ஹிட்ச் வாங்கட்டும், அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது.

மே 24

தம்பி 16 அடியை விட்டுவிட்டார். பழைய 13 அடி ஒன்று, உச்ச எடை 2,500, பிரேக் உண்டு. கிளாஸ் 3 ரிசீவர், 2 அங்குலப் பந்து, எடை பங்கிடும் சாமான் ஒன்றும் இல்லை. எல்லாம் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தையும் இருத்தி, 401 ஓரத்து லொறித் தரிப்பிடத்தில் கேட் ஸ்கேல் என்னும் லொறித் தராசில் எடை பார்த்திருக்கிறார். சீட்டுகளை அனுப்பினார்.

வான் தனியாக: முன்அச்சு 2,760, பின்அச்சு 2,680. ட்ரெய்லர் பூட்டி: முன் 2,660, பின் 3,020, ட்ரெய்லர் அச்சு 1,900.

பூட்டியபோது வானின் இரண்டு அச்சும் சேர்ந்து 5,680, தனியாக 5,440. வித்தியாசம் 240, அதுதான் டங் வெயிட். ட்ரெய்லரின் மொத்தம் 2,140. சதவீதம் 11-க்குச் சற்று மேலே. முன்அச்சு 100 இழந்திருக்கிறது. மே 2-இல் சொன்ன துலாக் கணக்கோடு பொருந்துகிறது. வானுக்குள் சாமானை 150-ஆகக் குறைத்துவிட்டார், ஆகவே கதவுக் கணக்கு 590, 150, 45, 240. மொத்தம் 1,025. எண்ணுக்குள் நிற்கிறது. அம்மாவையும் விடவில்லை, அரிசிப் பையையும் விடவில்லை.

மே 25

தம்பியின் கடைசிக் கேள்வி: ரிசீவருக்குள் இரும்பு லொடலொடக்கிறது, பழுதா? இல்லை. துளைக்கும் இரும்புக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். யூ வடிவ இறுக்கி ஒன்று கனடியன் டயரில் கிடைக்கும், இரண்டு நட்டு. பந்தின் அடிநட்டை டோர்க் ரென்ச்சால் பெட்டியில் எழுதியுள்ள அளவுக்கு இறுக்கி, முதல் பயணம் முடிந்ததும் மறுபடி பாருங்கள்.